துணியின் மறுமுனை

கேக் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் மூத்தவள். தட்டுகள் இளையவளுடையவை.

ஓரங்களில் சர்க்கரை கருகி ஒட்டியிருந்ததால் நகத்தால் சுரண்டத்தான் வேண்டியிருந்தது. யாரும் அவளைத் தேய்க்கச் சொல்லவில்லை. தொட்டி நிறையத் தட்டுகள் கிடந்தால் அரிசி களைவது எங்கே? மாமனார் கட்டிய வீடு அது. கீழே மூத்த மகன் குடும்பம், மேலே இளைய மகன் குடும்பம். சமையலறையும் கூடமும் பொது. "அப்படியே கிடக்கட்டும்க்கா, வந்து நான் தேய்க்கிறேன்" என்று இளையவள் சொல்லிவிட்டுத்தான் வெளியே போயிருந்தாள். அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதுதான் மூத்தவளுக்கு இன்னும் எரிந்தது. குறை சொல்லக்கூட ஒரு இடம் விடாத ஓரகத்தி.

முன்னறையில் கொழுந்தன் போனில் பேசிக்கொண்டிருந்தான். இளையவள் கேக் தொழில் தொடங்கியதிலிருந்து போன் பேசுவது அவன் வேலை.

"கப்பல் மாதிரியா? ஏன் சார் முடியாது? அவ கையில மாவைக் குடுத்தா கப்பல் என்ன, துறைமுகமே வரும். அதெல்லாம் செய்வா. எழுதிக்கிட்டேன்."

மூத்தவள் தட்டைக் கவிழ்த்தாள். கொஞ்சம் பலமாகவே கவிழ்த்தாள்.

இப்படி ஒருவன். மாவு மூட்டை வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைப்பான். புது அடுப்பு வாங்கியபோது, பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதுபோல, வண்டியில் கூடவே உட்கார்ந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு கேக்கையும் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படமெடுப்பான். தாங்கு தாங்கென்று தாங்குகிறான். அதே வயிற்றில் பிறந்து, அதே பாலைக் குடித்து வளர்ந்த இன்னொருவன் கூடத்தில் உட்கார்ந்து செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மூத்தவளின் கணவன்.

"இந்தா" என்று கூப்பிட்டான். "பை தைக்கிற கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான். உன் மிஷின் மாதிரி கனமான மிஷின் இப்ப கிடைக்கிறதில்லையாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"நான் குடுக்கிறேன்னு சொன்னேனா?"

"குடுக்க மாட்டேன்னும் சொல்லலையே. தினம் வந்து கடையில யாருமில்ல, கடையில யாருமில்லன்னு நீதானே புலம்புற. முடியலன்னா மூடிடு. யாரு உன்னைக் குத்தம் சொல்லப் போறா?"

அவன் குரலில் கடுப்பில்லை. வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிடு என்று சொல்வதுபோலச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பல்லால்தான் அவள் இத்தனை வருஷம் மென்றிருக்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

*

கடைத்தெருவில் மருந்துக்கடையை ஒட்டி, ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் இருந்தது அவள் கடை. முதலில் பைகளுக்கு ஜிப் மாற்றித் தந்தாள். பிறகு தலையணை உறை. பிறகு ஒரு வாடிக்கைக்காரி, "ஜன்னலுக்கும் தச்சுக் குடுங்களேன்" என்று கேட்டாள். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் கர்ட்டன் அக்கா. மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பியது அந்த மிஷின்தான். துணியின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தே எந்தப் பக்கம் இழுபடும் என்று சொல்லிவிடுவாள். மடிப்பு வைத்துத் தைத்த திரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைக்கலாம், நிற்க வைக்க முடியாது.

எல்லாம் பறவைத் துணி வரும்வரை.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் திரை தைக்கச் சொல்லியிருந்தார்கள். துணி அவர்களுடையது. வெளிர்நீலத்தில் வரிசை வரிசையாகச் சின்னப் பறவைகள். கீழ் விளிம்பை நேராக விடாமல் அலைபோல வளைத்து வெட்டித் தைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கடைக்குள் அத்தனை நீளத் துணியை விரிக்க முடியாது. நீளத் துணியென்றால் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை நகர்த்திவிட்டுத் தரையில் போட்டுத்தான் வெட்டுவாள். அன்றைக்கும் விரித்தாள். மறுமுனையை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் துணி கோணிக்கொண்டே போனது.

"ஏங்க, கொஞ்சம் அந்த முனையைப் பிடிங்களேன்."

"துணியப் பிடிக்கிறதெல்லாம் எனக்கு வராது. மடிச்சுப் போட்டு வெட்டிக்கோ" என்றான் கணவன்.

மடித்தாள். முனையோடு முனை சேர்த்து மடித்தால் மேல் துணியில் பறவைகள் நிமிர்ந்து நிற்கும். கீழ்த் துணியில் தலைகீழாகப் போகும். இது அவளுக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுவாள். ஆனால் அன்று காலையில் மேலே புது அடுப்பு ஏறிக்கொண்டிருந்தது. "மெதுவா, மெதுவா, மகாராணி அடுப்பு வருது" என்று கொழுந்தன் படிக்கட்டில் கத்திக்கொண்டிருந்தான். காது அங்கே போனது, கத்தரிக்கோல் இங்கே போனது. இரண்டு துணியிலும் சேர்த்து ஒரே அலையாக வெட்டிவிட்டாள். ஒன்று விட்டு ஒன்று, பாதித் திரைகளில் பறவைகள் காலை மேலே தூக்கிக்கொண்டு பறந்தன. விளிம்பை வளைத்து வெட்டியாகிவிட்டதால் திருப்பிப் போடவும் வழியில்லை.

புதுத் துணி வாங்கி, தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி தைத்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கணவன் மட்டும், "அதான் அப்பவே சொன்னேன், இந்த வயசுல இது எதுக்குன்னு" என்றான். மடிக்கச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் மறந்திருப்பான்.

அதற்குப் பிறகுதான் கடையில் யாருமில்லை என்று தினமும் வீட்டில் வந்து சொல்ல ஆரம்பித்தாள்.

*

புதன்கிழமை மதியங்களில் அவள் கடைக்குப் பக்கத்துச் சுவரின் மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். மருந்துக்கடையின் மாடியில் ஒரு அறை உண்டு. சின்னக் கடை வைத்திருக்கும் பெண்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். அந்தச் சிரிப்புகளில் ஒன்று இளையவளுடையது. வீட்டில் அவள் இப்படிச் சிரித்து மூத்தவள் கேட்டதே இல்லை. வீட்டில் சிரித்தால் பல் தெரியாது. இங்கே சுவர் அதிர்ந்தது.

ஒவ்வொரு புதனும் ஒரு மூடிய பெட்டியோடு போவாள். என்ன பெட்டி? யாருக்கு? ஒருமுறை கேட்டதற்கு, "சும்மா ஒரு கூட்டம்க்கா. நீங்களும் வாங்களேன்" என்றாள்.

"எனக்கெதுக்கும்மா கூட்டம்? எனக்குக் கடையில வேலை இருக்கு."

வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அங்கேதான் யாரோ சூட்சுமம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மூத்தவள் முடிவு கட்டியிருந்தாள். இல்லாவிட்டால் மாவைக் குழைக்கத் தெரியாமல் வீட்டுக்கு வந்தவள் கப்பல் செய்வாளா? புருஷனும் கிடைத்தான், தொழிலும் கிடைத்தது, போதாததற்கு ஒரு கூட்டமும் கிடைத்திருக்கிறது. சிலருக்குத்தான் எல்லாம் அமையும்.

மிஷினைக் கேட்டு ஆள் வரப்போகிற அந்த வாரத்துப் புதன்கிழமை, சிரிப்பு தொடங்குவதற்குள் மூத்தவள் கடையைச் சாத்தினாள். போகிறோமே, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று, தைத்து வைத்திருந்த ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டாள். மாடிப்படி ஏறும்போதே இளையவள் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களாக்கா! ஏதாவது கெட்டது கொண்டுவந்தீங்களா?"

"கெட்டதா?"

"கெட்டுப்போனது. மேசையில வைக்கணும்ல."

அறையின் நடுவில் ஒரு மேசை. அதுதான் அவர்கள் வழக்கம். அந்த வாரம் கடையில் கெட்டுப்போன, பாழாய்ப்போன சாமான் எதுவோ, அதை ஆளுக்கொன்று மேசையில் வைக்க வேண்டும். வைத்தவள் அதன் கதையைச் சொல்வாள். மற்றவர்கள் அறிவுரை சொல்லக்கூடாது, அடடா என்று பரிதாபப்படக்கூடாது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம். யோசனை வேண்டுமென்றால் அவளே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இதற்கா இத்தனை சிரிப்பு என்று நினைத்தாள் மூத்தவள். கையிலிருந்த உறையில் ஒரு குறையும் இல்லை. மேசைக்கு அடியில் வைத்து, மூலைத் தையலை ரகசியமாக நகத்தால் பிரித்துவிட்டாள்.

முதலில் ஜெராக்ஸ் கடைக்காரம்மா ஒரு தாள் கட்டைப் போட்டாள். "ஒரு கம்பெனி ஆளுங்க மொத்தப் பேரோட போட்டோவும் இதுல இருக்கு. வெட்டுற கத்தி நகர்ந்திருக்கு, நான் பார்க்கல. எல்லாருக்கும் நெத்தியோட போச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, எல்லாரும் சண்டைக்கு வந்தாங்க. மேனேஜர் மட்டும் ஒண்ணும் சொல்லல. அவருக்கு அதுக்கு மேல ஏற்கெனவே ஒண்ணுமில்ல."

சுவர் அதிர்ந்தது. மூத்தவள் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள்.

செடி விற்கிற அம்மா ஒரு தொட்டியைத் தூக்கி வைத்தாள். உள்ளே குச்சி. "இருந்ததிலேயே நல்ல செடி. யாருக்கும் விக்காம வச்சிருந்தேன். பார்த்துப் பார்த்துத் தண்ணி ஊத்தினேன். வேர் அழுகிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. இன்னைக்குக் காலையிலயும் பழக்கத்துல ஊத்திட்டேன்."

இளையவள் பெட்டியைத் திறந்தாள். உடைந்த கேக். ஒரு பக்கம் கப்பல்போல வளைந்திருந்தது. மறுபக்கம் யாரோ மிதித்ததுபோல இருந்தது.

"கப்பல் வேணும்னாங்களாம். இவர் சரின்னுட்டார். எனக்குக் கப்பல் செய்யத் தெரியாதுன்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னுட்டார்."

"அப்புறம்?"

"வண்டியிலயே சாஞ்சிடுச்சு. இவர் அவங்ககிட்ட, புயல்ல மாட்டின கப்பல் சார்னு சிரிக்கிறார். அவங்களும் சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

"அப்புறம்?"

இளையவள் பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "முடியாதுன்னு சொல்ல எனக்கு இடமே இல்ல. அவர் எனக்குப் பின்னாடி நின்னு தாங்குறார்னு ஊரே சொல்லுது. பின்னாடியே ஒட்டி நின்னா நான் ஒரு அடி பின்னால வைக்கிறது எப்படி? இதோ, எங்கக்கா வீட்டுக்காரர் மாதிரி இருந்தா தேவலை. கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கடை முழுக்க அவங்களோடது. பார்த்தா பொறாமையா இருக்கும்."

இத்தனை நாளும் மூத்தவள் ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்த்த வீட்டிலிருந்து, அதே ஏணியில் ஒருத்தி இவள் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜெராக்ஸ் அம்மா மூத்தவள் பக்கம் திரும்பினாள். "ஓ, நீங்கதான் அந்தப் பறவை அக்காவா?"

சுருக்கென்றது. அப்படியென்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். தலைகீழ்ப் பறவைகள் இந்த மேசைக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கின்றன.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் செடியம்மா. "நீங்க எல்லாத்தையும் திரும்பத் தனியா உக்காந்து தச்சுக் குடுத்தீங்கன்னு இவ ஒரு வாரம் பூரா அதையேதான் சொன்னா. நானா இருந்தா அடுப்பை அணைச்சுட்டு ஓடியிருப்பேன்னு."

புகழ்ச்சிதான். ஆனால் மூத்தவளுக்கு உள்ளே புகைந்தது வேறு. செடி விற்கிறவளுக்கும் ஜெராக்ஸ் எடுக்கிறவளுக்கும் தன் ஓரகத்தியைத் தெரிந்திருக்கிறது. தட்டு தேய்த்த தனக்குத் தெரியவில்லை.

உறையை மேசையில் வைத்தாள். "தையல் விட்டுப்போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல."

அறிவுரை சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்து போயிருப்பாள். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லை அவள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"இது பொய்" என்றாள். "இப்பதான் பிரிச்சேன்."

"அப்புறம்?"

"கடைக்கு ஆள் வரலன்னு சொல்றேன்ல, அதுவும் பொய். வர்றாங்க. படம் போட்ட துணியா இருந்தா நான் வாங்கிக்கிறதில்ல. நாங்க தைக்கிறதில்லன்னு திருப்பி அனுப்பிடறேன். இப்ப யார் கொண்டுவந்தாலும் படம் போட்ட துணிதான். போன வாரம் ஒரு அம்மா, பிள்ளைங்க படிக்கிற அறைக்குன்னு ஒட்டகச்சிவிங்கித் துணி கொண்டுவந்தாங்க. அதுலயும் கீழே அலை வேணுமாம். என்னால கத்தரிக்கோலைத் தொட முடியல. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. வெள்ளிக்கிழமை மிஷினை எடுக்க ஆள் வர்றான்."

"யோசனை வேணுமா, வேணாமா?" என்று கேட்டாள் ஜெராக்ஸ் அம்மா.

"வேணாம்."

"சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்தவளிடம் திரும்பிவிட்டாள். ஒரு தடவைகூட வற்புறுத்தாதது மூத்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

*

வீடு திரும்பும் வழியில் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

"எத்தனை நாளா போற அங்க?"

"ஒரு வருஷம் ஆகப்போகுதுக்கா."

"ஒரே அடுப்படியில நிக்கிறோம். ஊர்ல இருக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லத் தெரியுது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"நீங்க தட்டு தேய்க்கிற சத்தத்தைக் கேட்டா யாருக்குக்கா சொல்லத் தோணும்?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை இருமலாக மாற்றினாள்.

"எதுக்கு மடிச்சீங்க அன்னைக்கு?" என்று கேட்டாள் இளையவள்.

"மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்ல. மடிச்சேன்."

"பிடிச்சா மடிக்க வேண்டியதில்லையே."

"யாரு பிடிக்கிறதாம்?"

"நான் மாவு பிசையற கை. விடாம பிடிப்பேன்."

"உனக்கு ஆர்டர் இருக்கும். உன் புருஷன் துறைமுகத்தையே எழுதி வாங்கியிருப்பான்."

"இருக்கு. முடியாதுன்னு சொல்லப் போறேன். சொல்லிப் பழகணும்ல."

யோசனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒட்டகச்சிவிங்கி அம்மாவுக்குப் போன் செய்தாள். வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாள் என்றே நினைத்தாள். "இல்லைங்க, நாங்க தைக்கிறதில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியே வச்சிருக்கேன்" என்றாள் அந்த அம்மா.

*

வெள்ளிக்கிழமை காலை கூடத்து நாற்காலிகள் எல்லாம் வாசல் பக்கம் போயிருந்தன. தரை முழுக்க ஒட்டகச்சிவிங்கிகள். எல்லாம் கழுத்தை ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. மூத்தவள் ஒரு முனையில் மண்டியிட்டிருந்தாள். மறுமுனையில் இளையவள் துணியை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"இதுங்க தலைகீழா நின்னா கழுத்து எது, கால் எதுன்னே தெரியாதேக்கா. யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"சிரிக்க வைக்காத. கோடு கோணும்."

முன்னறையில் போன் அடித்தது. "அதெல்லாம் செய்..." என்று கொழுந்தனின் குரல் தொடங்கியது.

"முடியாதுன்னு சொல்லுங்க!" என்று இளையவள் இங்கிருந்தே கத்தினாள். பிறகு, "கேட்டுச் சொல்றேன் சார்" என்று அவன் தணிந்த குரலில் சொல்வது கேட்டது.

கத்தியபோதும் அவள் கை அசையவில்லை. துணி ஒரு நூல்கூட இறங்கவில்லை. முதல் தடவை பிடிக்கிறவள் இத்தனை நேராகப் பிடிக்கிறாளே என்று மூத்தவளுக்குள் பழைய எரிச்சல் ஒரு கண் விழித்துப் பார்த்தது. எதைத் தொட்டாலும் வருகிறது இவளுக்கு. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, அந்த எரிச்சலோடேயே அலை வரைந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். அதன் வாய் துணியின் ஓரத்திலேயே நின்றது. மறுமுனை லேசாக இறுகியது, அவ்வளவுதான். வெட்ட ஆரம்பித்தாள்.

அலையின் பாதியில் இருக்கும்போது கணவன் வந்து நின்றான்.

"மிஷின்காரன் வாசல்ல நிக்கிறான். என்ன சொல்ல?"

கத்தரிக்கோல் போய்க்கொண்டிருந்தது. அலையின் நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் விளிம்பு உடையும். நிறுத்த முடியாது.

அவன் துணியைப் பார்த்தான். மறுமுனையில் தம்பி மனைவியின் மாவு ஒட்டிய விரல்களைப் பார்த்தான். ஒருத்தி மூச்சைப் பிடிக்க, இன்னொருத்தியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். தன் வீட்டுக் கூடத்தில் தனக்கு மட்டும் நிற்க இடமில்லாததுபோல ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

"மிஷினைக் குடுக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

கத்தரிக்கோல் ஒரு வளைவைக் கடந்தது.

"துணியைப் பிடிக்கத்தானே ஆள் வேணும்? என்னைக் கூப்பிட்டிருந்தா நான் பிடிச்சிருக்க மாட்டேனா?"

இளையவள் குனிந்தே இருந்தாள். மூத்தவளின் வாய் நிறையக் குண்டூசி.

"நான் பிடிக்க மாட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா?" என்றான். அப்புறம், துணியின் மேல் கால் படாமல் சுவரை ஒட்டியே நடந்து, வாசலுக்குப் போனான்.